ஹாஃப்-லைஃப் மோட் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

1998-இல் வந்த ஹாஃப்-லைஃப் என்ற துப்பாக்கிச்சூட்டுக் கணினி ஆட்டத்துக்கு ரசிகர்கள் செய்த, ஒருவர் மட்டும் ஆடும் மோட்களில் (அசல் ஆட்டத்தின் மேல் ஓடும் மாற்று ஆட்டங்கள்) சில, அசல் ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே வைக்கத் தகுந்தவை. நீல் மேன்கேயின் பிளாக் விடோ கேம்ஸ் 1999 முதல் 2001 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட 'தே ஹங்கர்' எனக்கு அதில் முதலிடம். இருட்டில் காரோட்டிப் போகும் ஓர் எழுத்தாளர், வானொலியில் ஏதோ கலவரச் செய்தி, இடி, தண்ணீருக்குள் விழும் கார், அப்புறம் கையில் ஒரு குடை. இவ்வளவை வைத்துக்கொண்டே அது இன்றைக்கும் ஆளைப் பயமுறுத்துகிறது. அதை இப்போது புதிதாக இறக்கி ஓடவைக்கப் பார்த்துவிட்டு, 'வேலைக்கு ஆகாது' என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பலருக்குச் சரிசெய்து கொடுத்ததில் தெரிந்தது இதுதான்: கோளாறு பெரும்பாலும் மோட்டில் இருப்பதில்லை. வைத்த இடத்தில் இருக்கும், இல்லையென்றால் ஹாஃப்-லைஃபின் பதிப்பில் இருக்கும். ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் இடம், அடுத்து பதிப்பு, அதற்கடுத்து டிஎல்எல் (மோட்டின் நிரல் கோப்பு), மற்றதெல்லாம் அப்புறம். கீழே உள்ளது ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய ஹாஃப்-லைஃபுக்கும் விண்டோஸுக்கும் பொருந்தும். லினக்ஸ், மேக் பற்றி உரிய இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

மோட் இல்லாமல் வெறும் ஹாஃப்-லைஃபை ஒரு முறை திறந்து, புது ஆட்டம் தொடங்கி, ரயில் நகர்கிறதா என்று பாருங்கள். அதுவே ஓடவில்லையென்றால் மோட்டைத் தொட வேண்டாம். கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

மோட் ஃபோல்டருக்குள் 'சேவ்' என்ற ஃபோல்டர் இருந்தால் அதை வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கீழே சொல்லும் எதைச் செய்வதற்கு முன்பும் இது கட்டாயம்.

லாஞ்ச் ஆப்ஷனில் (ஸ்டீம் லைப்ரரியில் ரைட் கிளிக் செய்தால் வரும் பிராப்பர்ட்டீஸில் இருக்கும்) இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஒரு கோடு போட்டு 'கன்சோல்' (-console), அதேபோல் 'கான்டீபக்' (-condebug). முதலாவது, ஆட்டத்துக்குள் கட்டளை தட்டும் பெட்டியைத் திறக்க விடும். இரண்டாவது, ஆட்டம் விழுவதற்கு முன் என்ன சொன்னது என்பதை 'க்யூகன்சோல்' என்ற பெயரில் ஒரு லாக் கோப்பாக ஹாஃப்-லைஃப் ஃபோல்டரில் எழுதி வைக்கும். திரையில் அரை நொடி வந்து மறையும் செய்தியை அதில் நிதானமாகப் படிக்கலாம். கடைசி பத்து வரி போதும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, அடுத்த மோட்டுக்கு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

அறிகுறி 1: ஸ்டீம் லைப்ரரியில் மோட்டின் பெயரே வரவில்லை

ஸ்டீமை முழுதாக மூடித் திறந்தீர்களா? ஜன்னலை மூடினால் போதாது. டாஸ்க்பார் மூலையில் இருக்கும் ஐகானில் ரைட் கிளிக் செய்து வெளியேற வேண்டும். புதிய மோட் இருப்பது திறக்கும்போதுதான் ஸ்டீமுக்குத் தெரியவரும்.

அதற்கும் வரவில்லையென்றால் இடத்தைப் பாருங்கள். ஸ்டீம் ஃபோல்டர், அதற்குள் ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் காமன், அதற்குள் ஹாஃப்-லைஃப். அங்கே 'வால்வ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். மோட் ஃபோல்டர் அந்த வால்வுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குள் அல்ல. பிரவுசிங் சென்டர் காலத்தில் கவுண்டர்-ஸ்டிரைக் 1.6 போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்த அமைப்புதான். அதன் 'சிஸ்டிரைக்' ஃபோல்டரும் இதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கும்.

இடம் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் இரட்டை ஃபோல்டராக இருக்கும். நான் பார்த்த கோளாறுகளில் இதுதான் அதிகம். ஜிப்பைப் பிரிக்கும்போது 'ஹங்கர்' ஃபோல்டருக்குள் இன்னொரு 'ஹங்கர்' உருவாகி, உண்மையான கோப்புகள் ஒரு படி கீழே போய்விடும். மோட் ஃபோல்டரைத் திறந்ததும் 'மேப்ஸ்', 'மாடல்ஸ்', 'சவுண்ட்' போன்ற ஃபோல்டர்களும் 'லிப்லிஸ்ட்' என்ற கோப்பும் நேராகக் கண்ணில் பட வேண்டும். படவில்லையென்றால் உள்ளே இருப்பதை ஒரு படி மேலே ஏற்றுங்கள்.

லிப்லிஸ்ட் கோப்பின் பின்னொட்டு ஜி, ஏ, எம் என்ற மூன்றெழுத்து. கடைசியில் இ கிடையாது. சிலர் அதை நோட்பேடில் திறந்து சேமிக்கும்போது பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் பின்னொட்டுகளை மறைத்து வைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் கோப்புப் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி 2: பெயர் வருகிறது, அழுத்தினால் மூடிக்கொள்கிறது

'குட் நாட் லோட் லைப்ரரி' என்ற செய்தி வருகிறதா, செய்தி எதுவும் இல்லாமலே மூடிக்கொள்கிறதா?

செய்தி வந்தால், மோட்டின் டிஎல்எல் கோப்பு காணவில்லை அல்லது ஏறவில்லை என்று பொருள். 'டிஎல்எல்ஸ்' ஃபோல்டருக்குள் ஒன்று இருக்கும். பல மோட்களில் 'சிஎல்_டிஎல்எல்ஸ்' ஃபோல்டரில் 'கிளையன்ட்' என்ற பெயரில் இன்னொன்றும் இருக்கும். இருபது வருடத்துக்கு மேல் பழைய, கையொப்பம் இல்லாத இந்தக் கோப்புகளை ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டு எடுத்துப்போவது சகஜம். விண்டோஸ் செக்யூரிட்டியில் பாதுகாப்பு வரலாற்றைத் திறந்தால் எடுத்துப்போன கோப்பின் பெயர் இருக்கும். மோட்டை நம்பகமான இடத்திலிருந்து இறக்கியிருந்தால் மட்டும் அந்த ஒரு கோப்புக்கு விலக்கு கொடுங்கள். ஆன்டிவைரஸை முழுக்க அணைக்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஜிப் என்றால் விலக்கு கொடுக்காமல் அழித்துவிட்டு, மோட்டிபி போன்ற மோட் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

டிஎல்எல் இடத்தில்தான் இருக்கிறது என்றால், லிப்லிஸ்டை நோட்பேடில் திறந்து 'கேம்டிஎல்எல்' என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். அங்கே எழுதியிருக்கும் கோப்புப் பெயரும் ஃபோல்டரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

செய்தியே இல்லாமல் மூடிக்கொண்டால் முதல் சந்தேகம் பதிப்பின் மேல். 2023 நவம்பரில், ஆட்டத்தின் 25-ஆம் ஆண்டையொட்டி, அதைச் செய்த வால்வ் நிறுவனம் ஒரு பெரிய அப்டேட் விட்டது. நல்ல அப்டேட்தான். ஆனால் அதற்கு முந்தைய இன்ஜினை (ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை நிரல்) நம்பிச் செய்த மோட்களில் சில அதனுடன் ஒத்துப்போகவில்லை. வால்வே இதற்கு வழி வைத்திருக்கிறது: லைப்ரரியில் ஹாஃப்-லைஃப் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பீட்டாஸ், அங்கே 'ஸ்டீம்_லெகசி' என்ற பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான். மாற்ற வேண்டியது மோட்டின் பிராப்பர்ட்டீஸில் அல்ல, ஹாஃப்-லைஃபினுடையதில்.

எதற்கு எந்தப் பதிப்பு என்பதற்கு என் கணக்கு இது. 2023-க்கு முன் வெளியாகி, அதன்பின் யாரும் தொடாத மோட் என்றால் லெகசியில் தொடங்குங்கள். அதற்குப் பின் வந்ததோ புதுப்பிக்கப்பட்டதோ என்றால் வழக்கமான பதிப்பு. புதிய மோட்களில் சில அந்த அப்டேட்டில் உயர்த்தப்பட்ட வரம்புகளை நம்பியே செய்யப்பட்டவை. அவற்றை லெகசியில் போட்டால் அதே மாதிரி விழும்.

லினக்ஸ்: பழைய மோட்களில் விண்டோஸ் டிஎல்எல் மட்டும்தான் இருக்கும். லினக்ஸ் ஹாஃப்-லைஃப் அதை ஏற்றாது. ஹாஃப்-லைஃபின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டிக்குப் போய், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கட்டாயமாக்கினால், விண்டோஸ் பதிப்பே இறங்கி மோட் ஓடும். மேக்: அதற்கான ஹாஃப்-லைஃப் 32 பிட், 2019-இன் கேட்டலினாவிலிருந்து 32 பிட் நிரல்கள் ஓடுவதில்லை. அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி 3: மோட்டைத் திறந்தால் அசல் ஹாஃப்-லைஃபே வருகிறது

மெனுவின் பின்னணிப் படம் மட்டும் அசலாக இருந்தால் அது கோளாறே இல்லை. பழைய மோட்கள் பலவற்றில் தனிப் பின்னணி கிடையாது. மோட்டில் இல்லாததை எல்லாம் இன்ஜின் வால்வ் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். புது ஆட்டம் தொடங்கிப் பாருங்கள்.

புது ஆட்டத்திலும் பழைய ரயில் பயணமே வந்தால் 'மேப்ஸ்' ஃபோல்டர் (மேப் என்பது ஆட்டத்தின் ஒரு கட்டம்) காலியாக இருக்கும் அல்லது ஒரு படி கீழே இருக்கும். அறிகுறி 1-இல் சொன்ன இரட்டை ஃபோல்டர் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

அறிகுறி 4: அசல் ஹாஃப்-லைஃபில் மோட்டின் ஆயுதமும் ஆட்களும் வருகிறார்கள்

மோட் கோப்புகளை வால்வ் ஃபோல்டருக்குள் கொட்டியதன் விளைவு. கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி, மாறிப்போன அசல் கோப்புகளை மீட்டுத் தரும். ஆனால் கூடுதலாக வந்து சேர்ந்தவற்றை அப்படியே விட்டுவிடும். எது அசல், எது வந்தேறி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாளாது. வால்வுக்குள் இருக்கும் சேவ் ஃபோல்டரையும் கான்ஃபிக் கோப்பையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வால்வ் ஃபோல்டரை மொத்தமாக அழித்து, பிராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸுக்குப் போய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தேவையானது மட்டும் புதிதாக இறங்கும். தனி ஃபோல்டரில் உள்ள மற்ற மோட்களுக்கு ஒன்றும் ஆகாது.

அறிகுறி 5: மெனு சரி, ஆட்டம் தொடங்கியதும் அல்லது மேப் மாறும்போது பிழைச்செய்தியுடன் விழுகிறது

லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படித்து, கீழே பொருந்துவதற்குப் போங்கள்.

வாட் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால்: சுவர், தரைப் படங்கள் இருக்கும் கோப்பு காணவில்லை. செய்தியிலேயே அதன் பெயர் இருக்கும். பல துண்டுகளாக வரும் மோட்டில் ஒரு துண்டு இறங்கவில்லை என்று பெரும்பாலும் பொருள். கேட்கும் வாட், ஹாஃப்-லைஃபின் துணை ஆட்டமான ஆப்போசிங் ஃபோர்ஸுடையது என்றால், அந்த மோட்டுக்கு ஆப்போசிங் ஃபோர்ஸும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். வேறு மோட்டிலிருந்து அதே பெயருள்ள வாட்டை எடுத்துப் போடாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம்.

'நோ ஃப்ரீ எடிக்ட்ஸ்' என்றால்: ஒரு மேப்பில் ஒரே சமயத்தில் இருக்கக்கூடிய பொருள்களின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது. லாஞ்ச் ஆப்ஷனில் முன்கோட்டுடன் 'நம்_எடிக்ட்ஸ் 2048' (-num_edicts 2048) சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் போதும்.

'ஹங்க்' என்ற சொல்லுடன் நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று வந்தால்: முன்கோட்டுடன் 'ஹீப்சைஸ் 65536' (-heapsize 65536). கணக்கு கிலோபைட்டில், அதாவது 64 எம்பி. உங்கள் கணினியில் 16 ஜிபி ராம் இருந்தும் இந்தச் செய்தி வரும். இன்ஜின் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் பங்கு தீர்ந்துவிட்டது என்பதே விஷயம். இதற்காக ராம் வாங்கப் போகாதீர்கள்.

ப்ரீகேஷ் (மேப் தொடங்கும் முன்பே ஏற்றி வைக்கும் கோப்புகள்) எண்ணிக்கை 512-ஐத் தாண்டியது என்றால்: இதை ஆடுபவர் பக்கத்திலிருந்து சரிசெய்ய முடியாது. மேப்பே வரம்புக்கு மேல் மாடலோ ஒலியோ கேட்கிறது. மோட்டுக்குத் திருத்தப் பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால் அதுதான் மருந்து. வேறு மாடல் தொகுப்பு எதையாவது மேலே போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

பதிப்பு எண் தவறு, 30 ஆக இருக்க வேண்டும் என்றால்: அந்த மேப் ஹாஃப்-லைஃபுடையதே அல்ல. ஹாஃப்-லைஃப் மேப்பின் எண் 30, குவேக் என்ற ஆட்டத்துடையது 29. தவறான மோட்டை இறக்கியிருக்கிறீர்கள்.

அறிகுறி 6: திரை பிரச்சினைகள்

வீடியோ அமைப்பு பொருந்தவில்லை என்று சொல்லித் திறக்க மறுத்தால், லாஞ்ச் ஆப்ஷனில் முன்கோடுகளுடன் 'விண்டோ', 'டபிள்யூ 1280', 'ஹெச் 720' என்று மூன்றையும் கொடுங்கள். உள்ளே போனபின் அமைப்பில் உங்கள் திரைக்கு ஏற்ப மாற்றலாம். 32 பிட் நிறம் வேண்டும் என்று கேட்டால், எக்ஸ்இ கோப்பின் கம்பாட்டிபிலிட்டி தாவலில் நிறத்தைக் குறைக்கும் டிக் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெகசிக்கு மாறியபின் உயிர், தோட்டா எண்களெல்லாம் பெரிய திரையில் பொடிப்பொடியாகத் தெரியும். அந்தப் பதிப்பில் அவை திரைக்கேற்பப் பெரிதாவதில்லை. தெளிவுத்திறனை 1280க்கு 720 ஆகக் குறைத்தால் படிக்க முடியும். மோட் இரண்டு பதிப்பிலும் நிலையாக ஓடினால் புதிய பதிப்பிலேயே ஆடுங்கள், கண்ணுக்கு நல்லது.

ஆட்கள் கை விரித்து நின்றாலோ, துப்பாக்கி பிடிக்கும் கை வேறெங்கோ மிதந்தாலோ ஹெச்டி மாடல் தேர்வை அணைத்துப் பாருங்கள். மோட் செய்தவர்கள் அசல் மாடல்களை வைத்தே அசைவுகளை அமைத்திருப்பார்கள்.

அறிகுறி 7: லிஃப்டில் நசுங்கிச் சாகிறேன், பெட்டி தள்ளினால் நகரவில்லை, ஏணியில் சிக்குகிறேன்

இது மேப்பின் பிழை என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வந்தபிறகு இந்தப் புகார் கூடியிருக்கிறது. ஹாஃப்-லைஃபின் கோல்ட்சோர்ஸ் இன்ஜினில் அசைவுக் கணக்கின் ஒரு பகுதி, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதோடு பிணைந்திருக்கிறது. ஃபிரேம் ஏறினால் கணக்கும் மாறுகிறது. இந்த மோட்கள் செய்யப்பட்ட காலத்தில் ஆட்டம் தானாக வைத்திருந்த வரம்பு 72.

கன்சோலைத் திறந்து 'எஃப்பிஎஸ்_மேக்ஸ் 100' (fps_max 100) என்று கொடுங்கள். அதே இடத்தில் இன்னும் சிக்கினால் 60. பெரும்பாலானவர்களுக்கு இதோடு தீர்ந்துவிடும். நகராத பெட்டி நகர்வதை நேரிலேயே பார்க்கலாம்: வரம்பு இல்லாதபோது தரையில் ஒட்டியதுபோல் நிற்பது, 60 வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். கிராஃபிக்ஸ் கார்டின் மென்பொருளில் வேறு வரம்பு அல்லது விசிங்க் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது) போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள்.

அறிகுறி 8: மேப் ஏறியதும் 'நோட் கிராஃப் அவுட் ஆஃப் டேட்' என்று வந்து தடுமாறுகிறது

பயப்பட வேண்டாம். எதிரிகள் எந்த வழியாக நடக்கலாம் என்ற வரைபடத்தை இன்ஜின் ஒவ்வொரு மேப்புக்கும் ஒரு கோப்பாக 'மேப்ஸ்' ஃபோல்டருக்குள் 'கிராஃப்ஸ்' என்ற இடத்தில் வைத்திருக்கும். மேப் கோப்பின் தேதி அந்த வரைபடத்தின் தேதியைவிடப் புதிதாக இருந்தால், பழசாகிவிட்டது என்று நினைத்து மறுபடி வரையும். ஜிப்பைப் பிரிக்கும்போதோ பென்டிரைவில் நகலெடுக்கும்போதோ தேதி மாறினாலே இது நடக்கும். முடியும்வரை காத்திருந்து, மேப்பை ஒரு முறை மறுபடி ஏற்றிவிட்டு ஆடுங்கள்.

அதே மேப்பில் ஒவ்வொரு முறையும் வந்தால், வரைந்ததை எழுதி வைக்க அனுமதி இல்லை. மோட் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' டிக்கை எடுத்து, உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி செய்யுங்கள். பழைய பத்திரிகை சிடியிலிருந்து நகலெடுத்த மோட்களில் இது இருக்க வாய்ப்பு உண்டு. சேவ் பதிவாகவில்லை என்ற புகாருக்கும் காரணம் பல நேரம் இதே டிக்தான்.

அறிகுறி 9: கதவு திறக்கவில்லை, ஆள் நகரவில்லை, கதை நின்றுவிட்டது

முதலில் அது உண்மையிலேயே கோளாறா என்று பாருங்கள். இந்த மோட்கள் கையைப் பிடித்து வழிகாட்டுவதில்லை. சாவி ஒரு மூலை அலமாரியில் இருக்கும், உடைக்க வேண்டிய பலகை இருட்டில் இருக்கும். டார்ச்சை அடித்து அறையை இன்னொரு சுற்று சுற்றுங்கள். தே ஹங்கரின் சுகமே அந்தத் தேடலில்தான் இருக்கிறது, அதை அவசரப்பட்டு இழக்காதீர்கள்.

கதவைத் திறக்க வேண்டிய ஆள் வழியில் சிக்கி நிற்கிறான் என்றால், அவன் நடக்கத் தொடங்குவதற்கு முந்தைய சேவ் கோப்பை ஏற்றி, அவன் பாதையிலிருந்து விலகி நில்லுங்கள். ஃபிரேம் வரம்பை 60 ஆக வைத்து இன்னொரு முறை.

அதுவும் ஆகவில்லை என்றால் கன்சோலில் 'எஸ்வி_சீட்ஸ் 1' (sv_cheats 1), அப்புறம் சுவரை ஊடுருவிப் போகவிடும் 'நோகிளிப்' (noclip). உடனே பிடிக்காவிட்டால் சேவ் கோப்பை ஒரு முறை மறுபடி ஏற்றுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் நோகிளிப்பை அணைத்து, சீட்ஸை 0 ஆக்கிவிடுங்கள். 'மேப்' கட்டளையால் அடுத்த மேப்புக்கே தாவுவது கடைசி வழி. ஆயுதம், தோட்டா, உயிர் எதுவும் கூட வராது.

அறிகுறி 10: சேவ் ஏறவில்லை, ஏற்றினால் விழுகிறது

நடுவில் மோட்டைப் புதுப்பித்தீர்களா, ஹாஃப்-லைஃபின் பதிப்பை மாற்றினீர்களா? எந்த டிஎல்எல்லில் சேமித்தீர்களோ அதே டிஎல்எல்லில்தான் ஏற்றுவது பத்திரம். பழைய நிலைக்குத் திரும்பி, அந்தப் பாகத்தை முடித்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். திருத்தப் பதிப்புகளைப் புது ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது.

ஒரு சேவ் மட்டும் கெட்டிருந்தால் ஆட்டோசேவை முயலுங்கள். குயிக் சேவ் ஒன்றையே நம்பாமல், ஒவ்வொரு மேப்பிலும் மெனு வழியாகத் தனியாக ஒன்று சேமிக்கும் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 11: இசை இல்லை

ஒலி அமைப்பில் எம்பி3 அளவு பூஜ்யத்தில் இருக்கும். இல்லையென்றால் அந்த மோட் சிடியிலிருந்து இசை வாசிக்கச் செய்யப்பட்டது. ஆட்டம் அதனால் கெடாது.

எப்போது அடுத்தவரிடம் போவது

லாக்கில் குறிப்பிட்ட மேப்பின் பெயரும் ஒவ்வொரு முறையும் அதே செய்தியும் இருந்தால் அது மோட்டின் பிழை. மோட் வெளியான பக்கத்தில் திருத்தப் பதிப்பைத் தேடுங்கள், இல்லையென்றால் அங்கே கேளுங்கள்.

ஆனால் அசல் ஹாஃப்-லைஃபும் விழுகிறது, கோப்புகளைச் சரிபார்த்தும் விழுகிறது, வேறு ஆட்டங்களும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் விழுகின்றன, நீலத் திரை வருகிறது என்றால் சந்தேகம் கணினியின் மேல் திரும்ப வேண்டும். முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள், காசு செலவில்லை. அடுத்து விண்டோஸில் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். அது பிழை காட்டினாலோ, கோப்பு நகலெடுக்கும்போது டிஸ்க் தொங்கினாலோ, அங்கே நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

கொடுக்கும் முன் எல்லா மோட்களின் சேவ் ஃபோல்டர்களையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். 'கேம் ஓடவில்லை' என்று மட்டும் சொன்னால் விண்டோஸை மறுபடி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், கெட்ட ராம் உள்ளேயே இருக்கும். மெமரி சோதனை சொன்ன முடிவை போனில் படமெடுத்துக் காட்டி, ராமையும் டிஸ்க்கையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.